ஓட்டுநரில்லா கார் சோதனை: கலிஃபோர்னியா வழியா, அரிசோனா வழியா?

கடலோடி

அமெரிக்காவில் தானாக ஓடும் கார்களைப் பொதுச்சாலையில் சோதித்துப் பார்க்க என்ன விதி என்று யாராவது கேட்டால், எந்த மாநிலம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நெவாடா 2011இல் முதல் ஆளாகச் சட்டம் போட்டது, 2012 மே மாதம் கூகுளின் டொயோட்டா பிரியஸுக்குச் சிவப்பு நம்பர் பிளேட் கொடுத்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவும் சட்டம் போட்டது, ஆனால் சோதனை விதிகள் அமலுக்கு வர 2014 செப்டம்பர் ஆகிவிட்டது. அரிசோனாவில் சட்டமன்றத்துக்கே வேலை வைக்கவில்லை, 2015 ஆகஸ்டில் ஆளுநர் டக் டூசி ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு. பிரேக் எப்படி இருக்க வேண்டும், ஏர்பேக் எப்படி விரிய வேண்டும் என்று காரின் உடம்பைப் பற்றிய விதிகள் எல்லாம் என்.எச்.டி.எஸ்.ஏ. என்ற ஃபெடரல், அதாவது மத்திய அரசு அமைப்பிடம் இருக்கின்றன. யார் ஓட்டலாம், லைசென்ஸ், பதிவு, காப்பீடு, சாலை விதி, அபராதம் இவையெல்லாம் மாநிலத்திடம். ஐம்பது அறுபது வருடமாக இந்தப் பாகப்பிரிவினையில் பெரிய சண்டை வந்ததில்லை. இப்போது ஓட்டுநரே காருக்குள் ஒரு பாகமாகிவிட்டார், அவருக்கு யார் பொறுப்பு?

முன்அனுமதி, அறிக்கை, காப்பீட்டுத் தொகை என்று கறாராக இருக்கும் கலிஃபோர்னியா வழி சரியா, நம்பி விட்டுவிடும் அரிசோனா வழி சரியா? எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

மென்பொருள்மணி

அரிசோனா. யோசிக்கவே தேவையில்லை.

கலிஃபோர்னியாவில் சோதனை அனுமதி தருவது டி.எம்.வி. என்ற மோட்டார் வாகனத் துறை, லைசென்ஸ் போட்டோ எடுக்கும் அலுவலகம், நம்பர் பிளேட் கொடுக்கும் அலுவலகம். அங்கே இருப்பவர் காரை ஓட்டும் நரம்பியல் வலை மென்பொருளின் பாதுகாப்பை எதை வைத்து எடைபோடுவார்? கம்பெனி பூர்த்தி செய்து கொடுத்த படிவத்தைத்தான் பார்ப்பார். படிவம் சரியாக இருந்தால் கார் பாதுகாப்பானது என்று ஆகிவிடுமா? இன்னொன்று, அமெரிக்காவில் சாதாரண காருக்கே அரசு முன்கூட்டிச் சான்று தருவதில்லை. விதிகளுக்கு உட்பட்டுத்தான் செய்திருக்கிறேன் என்று தயாரிப்பாளரே சான்று சொல்லி விற்கிறார், தப்பு வந்தால் திரும்பப் பெறச் சொல்கிறார்கள். ஐம்பது அறுபது வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

அப்புறம் சோதனையை எங்கே செய்வது? ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2016இல் ஒரு கணக்குப் போட்டது. மனிதர்கள் ஓட்டும்போது அங்கே 10 கோடி மைலுக்குச் சுமார் 1.09 உயிரிழப்பு. தானியங்கி கார் அந்த அளவுக்காவது பாதுகாப்பானது என்று 95 சதவீத நம்பகத்தோடு நிரூபிக்க, ஒரு உயிரிழப்பும் இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும். மூடிய மைதானத்தில் வட்டமடித்து அந்தக் கணக்கை எட்டவே முடியாது. சாலைக்கு வந்துதான் ஆக வேண்டும், வருகிற கம்பெனியை வாசலிலேயே நிறுத்தி வைத்தால் தொழில்நுட்பம் எப்போது வளரும்?

வக்கீல்புறா

மணி சார், அந்த ராண்ட் கணக்கை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அவ்வளவு மைல் ஓடினால்தான் நிரூபிக்க முடியும் என்றால், ஓடி முடிக்கும் வரை பாதுகாப்பு நிரூபிக்கப்படாத வண்டிதான் சாலையில் போகிறது என்று அர்த்தம். எதிரே வருகிறவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மருந்து சோதனை என்றால் கையெழுத்து வாங்காமல் ஊசி போட மாட்டார்கள். இங்கே சாலையைக் கடந்தாலே நீங்கள் சோதனையில் இருக்கிறீர்கள்.

உபர் கதையைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் இந்த இரண்டு வழிகளையும் ஒரே கம்பெனி, ஒரே வண்டி, ஒன்றரை வருடத்துக்குள் நமக்குக் காட்டிவிட்டது. 2016 டிசம்பர் 14ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோவில் உபர் தன் வோல்வோ கார்களை இறக்கியது. அனுமதி வாங்கவில்லை. எங்கள் வண்டியில் ஆள் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறார், ஆகவே சட்டம் சொல்லும் தானியங்கி வாகனம் இது இல்லை என்று வாதாடினார்கள். அனுமதிக் கட்டணம் எவ்வளவு தெரியுமா, 150 டாலர். அதற்குள் 20 கம்பெனிகள் அதை வாங்கி வைத்திருந்தன. முதல் நாளே ஒரு கார் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகும் காணொளி வெளியானது. ஒரே வாரத்தில் டி.எம்.வி. 16 கார்களின் பதிவையும் ரத்து செய்தது. நீங்கள் சொன்ன அதே நம்பர் பிளேட் அலுவலகம்தான்.

மறுநாள் கார்களை லாரியில் ஏற்றி அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். ஆளுநர் டூசி கலிஃபோர்னியாவைக் கிண்டலடித்து வரவேற்றார். அடுத்த பதினைந்து மாதத்தில், 2018 மார்ச் 18 இரவு, டெம்பி நகரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் அந்த வகைக் கார் ஒன்று மோதி இறந்தார். தானியங்கி கார் மோதிப் பாதசாரி ஒருவர் இறந்தது அதுதான் முதல்முறை.

மென்பொருள்மணி

இந்த உதாரணம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தக் கார் 150 டாலர் கட்டி அனுமதி வாங்கிக்கொண்டு கலிஃபோர்னியாவில் ஓடியிருந்தால் அந்த விபத்து நடந்திருக்காதா? அதே மென்பொருள், கவனித்துக்கொள்ள காருக்குள் உட்கார்ந்திருந்த அதே ஆள். அந்த ஆள் போனில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது விசாரணையில் வந்தது. எந்த மாநில விதி அவரை நிமிர்ந்து சாலையைப் பார்க்க வைத்திருக்கும்?

ராத்திரிப்பறவை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அந்த விபத்தைப் பற்றி என்.டி.எஸ்.பி. என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 நவம்பரில் முடிவை அறிவித்தது. போன் பார்த்த ஆள் என்று ஒரே வரியில் முடிக்கிற விஷயம் இல்லை அது.

மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே சென்சார் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டது. ஆனால் என்னவென்று முடிவுக்கு வர முடியவில்லை. வாகனம், வேறேதோ பொருள், சைக்கிள், மறுபடி வேறேதோ என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அதுவரை அந்தப் பொருள் எப்படி நகர்ந்தது என்ற வரலாற்றை விட்டுவிட்டுப் புதிதாகக் கணக்குப் போட்டது. அதனால் எங்கே போகப்போகிறார் என்று கணிக்கவே இல்லை. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடப்பார் என்ற சாத்தியமே அந்த மென்பொருளில் இல்லை. நம்மில் யார் தினமும் கோட்டில் மட்டும் கடக்கிறோம்? இது போதாது என்று, தேவையில்லாமல் திடீர் பிரேக் அடிக்கிறது என்பதற்காக ஆபத்து தெரிந்த பிறகும் ஒரு நொடி பொறுத்திருக்கும்படி அமைத்திருந்தார்கள். வோல்வோ கம்பெனி கொடுத்த அவசர பிரேக் வசதியும் தானியங்கி முறையில் ஓடும்போது அணைக்கப்பட்டிருந்தது.

இனி ஆள் விஷயம். முதலில் காரில் இரண்டு பேர் இருந்தார்கள், 2017இல் அதை ஒருவராகக் குறைத்தது கம்பெனி. பெரும்பாலும் ஒழுங்காக ஓடும் இயந்திரத்தை மணிக்கணக்கில் தனியாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனித மூளை தளர்ந்துவிடும். விமானிகளிடம் எப்போதோ கண்டறிந்த விஷயம்தான் இது. அவரைக் கண்காணிக்க உள்ளே கேமரா இருந்தது, பதிவைப் பார்ப்பதற்குத்தான் ஒழுங்கான நடைமுறை இல்லை.

மணி கேட்ட கேள்விக்கு வாரியமே பதில் சொல்லியிருக்கிறது. அரிசோனாவில் போதுமான மேற்பார்வை இல்லை என்பதையும் காரணங்களில் சேர்த்தார்கள். சோதனைக்கு வரும் கம்பெனி மோதல் ஆபத்தையும் ஓட்டுநர் கவனம் சிதறுவதையும் எப்படிச் சமாளிக்கப்போகிறது என்று முதலிலேயே திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை விஷயம் தெரிந்த குழு பார்க்க வேண்டும் என்று மாநிலங்களை வற்புறுத்தும்படி பரிந்துரைத்தார்கள். ‘இரண்டு பேரை ஒருவராக ஏன் குறைத்தீர்கள், பதிலுக்கு என்ன செய்தீர்கள்’ என்று ஒருவர் கேட்டிருந்தால்? அந்தக் கேள்வி கேட்க நரம்பியல் வலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

வக்கீல்புறா

இதோடு சட்டத்தில் என்ன ஆனது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி மீது குற்ற வழக்குக்கு அடிப்படை இல்லை என்று 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டார். காரில் இருந்த ஊழியர் 2023இல் ஆபத்து விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று வருடக் கண்காணிப்புத் தண்டனை. பிரேக்கை அணைத்தவர், ஆளைக் குறைத்தவர், ஒரு நொடி தாமதம் வைத்தவர், யாரும் கூண்டில் ஏறவில்லை. சோதனை ஓட்டுநர் என்ற வேலையே பழியைத் தாங்குவதற்குத்தானோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

சும்மாபார்ப்பவன்

படித்துக்கொண்டே வருகிறேன், நல்லா போகுது. ஒரு சந்தேகம். கலிஃபோர்னியாவில் வருடாவருடம் ஏதோ அறிக்கை கொடுக்கிறார்களே, எத்தனை முறை மனிதன் கட்டுப்பாட்டை வாங்கினான் என்று? அதை வைத்து எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்று சொல்லிவிடலாமே. அப்புறம் எதற்கு இவ்வளவு சண்டை?

மென்பொருள்மணி

வாங்க, அதுதான் நான் சொல்லும் படிவக் கலாச்சாரத்தின் உச்சம்.

அதற்கு டிஸ்எங்கேஜ்மென்ட் அறிக்கை என்று பெயர். தானியங்கி முறை தோற்றாலோ, பாதுகாப்புக்காக ஓட்டுநர் கைவைக்க வேண்டி வந்தாலோ அதைக் குறித்து வருட முடிவில் கொடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் எதை எண்ணுவது என்று தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. காலி நெடுஞ்சாலையில் ஆயிரம் மைல் ஓட்டி ஒரு தடவைகூடக் கைவைக்காத கம்பெனியும், நெரிசலான நகரத்தில் வேண்டுமென்றே கஷ்டமான சந்திப்புகளைத் தேடித்தேடிப் போகும் கம்பெனியும் ஒரே பட்டியலில். முதலாவது கெட்டிக்காரக் கம்பெனியாகத் தெரியும். பத்திரிகைகள் அதை வைத்துத் தரவரிசை வேறு போடுகின்றன. இதன் விளைவு என்ன? சோதனை ஓட்டுநர் கைவைக்கத் தயங்குவார். எண்ணிக்கை கூடினால் மேலாளர் முகம் சுளிப்பார் என்று அவருக்குத் தெரியும். பாதுகாப்புக்காகக் கேட்ட அறிக்கையே பாதுகாப்பைக் குறைக்கிறது!

இன்னொரு வேடிக்கை, டெஸ்லா. லட்சக்கணக்கான வாடிக்கையாளர்கள் அதன் ஓட்டுநர் உதவி முறையைச் சாலையில் ஓட்டுகிறார்கள். கார் எவ்வளவு தானாக ஓடும் என்பதற்கு எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு வைத்த 0 முதல் 5 வரையிலான படிநிலையில் அது 2ஆம் நிலை, ஓட்டுநரே பொறுப்பு என்பதால் சோதனை அனுமதி, அறிக்கை எதுவும் அதற்குப் பொருந்தாது. பத்து கார் வைத்திருக்கும் சின்ன கம்பெனி பக்கம் பக்கமாக எழுதுகிறது.

ராத்திரிப்பறவை

டிஸ்எங்கேஜ்மென்ட் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற மாட்டேன். தரவரிசைக்குப் பயன்படாத எண். ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. மோதல் நடந்தால் 10 நாளுக்குள் தனி அறிக்கை, அதுவும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படும். மற்ற ஓட்டுநர்கள் இந்தக் கார்களைப் பின்னால் வந்து இடிக்கிறார்கள் என்ற போக்கே அந்த அறிக்கைகளைப் பொதுமக்களும் ஆய்வாளர்களும் படித்ததால்தான் தெரியவந்தது. மஞ்சள் விளக்கில் மனிதர் எதிர்பார்க்காத விதமாக கார் நின்றுவிடும், பின்னால் வருபவர் இடித்துவிடுவார். ஃபெடரல் அமைப்பு நாடு முழுக்க மோதல் அறிக்கை கேட்டு ஆணை போட்டது 2021 ஜூனில். கலிஃபோர்னியா 2014லிருந்து கேட்கிறது. நடுவில் ஏழு வருடத்துக்குப் பொதுமக்கள் கையில் இருந்த உருப்படியான தகவல் எல்லாம் அந்த ஒரு மாநிலம் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியதுதான்.

வக்கீல்புறா

சரி, நான் எழுத நினைத்த முக்கியமான விஷயத்துக்கு இப்போது வருகிறேன், குரூஸ் என்ற ரோபோ டாக்ஸி கம்பெனி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவில் இரண்டு வாசல் உண்டு. வண்டி சாலையில் ஓடலாமா என்பதை டி.எம்.வி. சொல்லும். பயணியை ஏற்றிக் காசு வாங்கலாமா என்பதைப் பொதுப் பயன்பாட்டு ஆணையம் சொல்லும். 2023 ஆகஸ்ட் 10ஆம் தேதி அந்த ஆணையம், சான் ஃபிரான்சிஸ்கோ முழுக்க 24 மணி நேரமும் குரூஸும், கூகுளிலிருந்து பிரிந்து வந்த வேமோவும் கட்டணம் வாங்கி ஓட்டலாம் என்று 3க்கு 1 என்ற கணக்கில் வாக்களித்தது. நகர நிர்வாகம் எதிர்த்தது, தீயணைப்புத் துறை எதிர்த்தது, தீயணைப்பு வண்டிக்குக் குறுக்கே நிற்கிறது, குழாய் மேல் ஏறுகிறது என்று சம்பவம் சம்பவமாக அடுக்கினார்கள். நகரத்துக்கு இதில் வாக்கு கிடையாது. ஒரு வாரம் கழித்து ஒரு குரூஸ் கார் தீயணைப்பு வண்டியோடு மோதியது, டி.எம்.வி. சொல்லி வண்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார்கள்.

பிறகு அக்டோபர் 2 இரவு. மனிதர் ஓட்டிய ஒரு கார் ஒரு பெண்ணை இடித்து, பக்கத்துத் தடத்தில் வந்த குரூஸ் கார் முன்னால் தள்ளிவிட்டது. இடித்தவர் நிற்காமல் போய்விட்டார். குரூஸ் கார் பிரேக் அடித்தது, ஆனாலும் மோதியது. இதுவரை யார் ஓட்டியிருந்தாலும் தவிர்த்திருக்க முடியுமா என்று வாதிடலாம். அடுத்து நடந்ததுதான் விஷயம். நின்ற கார், விபத்து நடந்தால் ஓரமாக ஒதுங்க வேண்டும் என்று தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி மறுபடி கிளம்பியது. அடியில் ஆள் இருப்பது அதற்குத் தெரியவில்லை. சுமார் 20 அடி இழுத்துக்கொண்டு போனது. உயிர் பிழைத்தார், ஆனால் பலத்த காயம்.

மறுநாள் அதிகாரிகளைக் கம்பெனி சந்தித்தது. காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். இழுத்துப் போன பகுதி தனக்குக் காட்டப்படவில்லை என்றது டி.எம்.வி., முழுவதும் காட்டினோம் என்றது கம்பெனி. பின்னால் கம்பெனியே அமர்த்திய வழக்கறிஞர்கள் விசாரித்தபோது, இணையத் தொடர்பு சரியில்லாமல் காணொளி தடைபட்டதும், இழுத்துப் போனதை வாயால் எடுத்துச் சொல்லாமல் காணொளியே பேசட்டும் என்று விட்டதும் வெளிவந்தன. பெண்ணை இழுத்துக்கொண்டு போன காரைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் அந்த ஒரு விஷயத்தை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

அக்டோபர் 24ஆம் தேதி டி.எம்.வி. அனுமதியை நிறுத்தியது. காரணமாகச் சொன்னவற்றில், வண்டி பொதுமக்களுக்குப் பாதுகாப்பானதல்ல என்பதோடு, பாதுகாப்புத் தகவலைத் தவறாகச் சித்திரித்தார்கள் என்பதும் இருந்தது. பிறகு அபராதங்கள் வரிசையாக வந்தன. ஆணையம் 1,12,500 டாலர், என்.எச்.டி.எஸ்.ஏ. 15 லட்சம் டாலர், பொய் அறிக்கை கொடுத்ததற்காக ஃபெடரல் வழக்கில் 5 லட்சம் டாலர். 2024 டிசம்பரில் குரூஸின் தாய் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்ஸிக்குப் பணம் போடுவதையே நிறுத்திக்கொண்டது. கோடி கோடியாகக் கொட்டிய கம்பெனிக்கு இந்த அபராதமெல்லாம் சில்லறை. சாய்த்தது அனுமதி நிறுத்தம்தான்.

கடலோடி

வக்கீல் சொன்னதிலிருந்தே என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். டி.எம்.வி. அதிகாரிக்கு மென்பொருள் தெரியாது என்பதை மணியிடமே விட்டுக்கொடுத்துவிடுகிறேன், எனக்குக் கவலையில்லை. அனுமதிச் சீட்டின் மதிப்பு அதைக் கொடுப்பதில் இல்லை, பிடுங்க முடிவதில் இருக்கிறது. கொடுக்காத ஒன்றைப் பிடுங்க முடியாது பாருங்கள். அரிசோனாவில் டெம்பி விபத்துக்குப் பிறகு உபரை நிறுத்த ஆளுநர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எட்டு நாள் கழித்து எழுதினார். அதற்கு முன்பு, அதே மாதம் 1ஆம் தேதிதான் ஆளே இல்லாத கார்களும் ஓடலாம் என்று புதிய ஆணை போட்டிருந்தார்.

மென்பொருள்மணி

எட்டு நாளில் நிறுத்தினார் அல்லவா? கலிஃபோர்னியாவில் 22 நாள் ஆனது. வழிமுறை இல்லாத மாநிலம் வேகமாகச் செயல்பட்டிருக்கிறது, இதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

வக்கீல்புறா

ஒன்றில் ஆள் இறந்து உலகம் முழுக்கச் செய்தியானது. மற்றதில் என்ன நடந்தது என்பதே மறைந்து கிடந்தது. 22 நாளில் பாதி முழுக் காணொளி கைக்கு வருவதற்கே போயிற்று. இதை வைத்து வேகத்தை ஒப்பிட்டால் எப்படிங்க?

லாரிக்காரன்

எல்லோரும் காரையே பேசுகிறீர்கள். நான் லாரித் தொழில் பக்கம். அங்கே கதை வேறு மாதிரி.

கலிஃபோர்னியா விதிகள் 10,001 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள தானியங்கி வண்டிகளைச் சோதனையிலேயே சேர்க்கவில்லை, புது விதிக்கான முறையான முன்மொழிவே 2025 ஏப்ரலில்தான் வந்தது. டிரக்கில் கட்டாயம் ஆள் இருக்க வேண்டும் என்று தொழிற்சங்கம் கொண்டுவந்த மசோதாவை ஆளுநர் நியூசம் 2023இல் வீட்டோ செய்தார், 2024இல் மறுபடி வந்ததையும் செய்தார். ஆக, சட்டம் வேண்டாம், அதுவரை விதியும் வரவில்லை. இதற்குள் எல்லோரும் டெக்ஸஸ் போய்விட்டார்கள். தானியங்கி டிரக் செய்யும் அரோரா கம்பெனி 2025 வசந்தத்தில் டாலஸுக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவில் ஆளில்லாமல் சரக்கு ஓட்டத் தொடங்கியது. சில வாரத்தில் டிரக் தயாரித்த கம்பெனி கேட்டுக்கொண்டதால் மறுபடி ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார்கள். கவனியுங்கள், ஆளை உட்கார வைத்தது எந்த அரசும் இல்லை.

ஃபெடரல் பக்கமும் வேடிக்கைதான். டிரக் சாலையோரம் நின்றால் 10 நிமிடத்துக்குள் எச்சரிக்கை முக்கோணத்தை இறங்கி வைக்க வேண்டும் என்பது விதி. ஆளில்லாத லாரியில் யார் இறங்குவது? வண்டியிலேயே மின்னும் விளக்கு வைக்கிறோம், விலக்கு கொடுங்கள் என்று கேட்டார்கள், 2024 டிசம்பரில் மறுத்துவிட்டார்கள், வழக்குக்குப் போனது. எவ்வளவு பெரிய தொழில்நுட்பம், அப்போது ஒரு முக்கோணத்தில் வந்து நின்றது.

என் கருத்து, 36 டன் வண்டிக்குக் காரைவிடக் கறாராகத்தான் இருக்க வேண்டும், நான் தடையை ஆதரிக்கவில்லை. தடை என்றால் அடுத்த மாநிலத்துக்குப் போய் அங்கே ஒரு கேள்வியும் இல்லாமல் ஓட்டுவார்கள், அவ்வளவுதான்.

சும்மாபார்ப்பவன்

ஆளே இல்லாத கார் சிக்னலைத் தாண்டினால் போலீஸ் யாரிடம் ஃபைன் வாங்கும்? ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது.

ராத்திரிப்பறவை

சிரிக்காமல் பதில் சொல்ல முடியாத கேள்வி. 2025 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் புரூனோவில், மது அருந்தி ஓட்டுபவர்களைப் பிடிக்க நின்றிருந்த போலீஸ் கண்ணெதிரே ஒரு வேமோ கார் தடைசெய்யப்பட்ட இடத்தில் யூ-டர்ன் அடித்தது. நிறுத்தினார்கள், உள்ளே யாருமில்லை. ரசீதுப் புத்தகத்தில் ரோபோவுக்குக் கட்டம் இல்லை என்று போலீஸே வேடிக்கையாகப் பதிவு போட்டது. கம்பெனிக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கலிஃபோர்னியா சட்டத்தில் ஓட்டும்போது செய்யும் தப்புக்கான சீட்டு ஓட்டுநர் பெயரில்தான். இதற்காகவே 2024இல் ஏபி 1777 என்ற சட்டம் போட்டார்கள், விதிமீறல் அறிவிப்பைக் கம்பெனிக்கே கொடுக்கலாம், அமல் 2026 ஜூலையிலிருந்து. அதிலும் அபராதத் தொகை என்று ஒன்றும் வைக்கவில்லை, அறிவிப்பு டி.எம்.வி.க்குப் போகும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மணிக்கு ஒரு புள்ளி கொடுத்துவிடுகிறேன், இந்த விஷயத்தில் அரிசோனாவும் டெக்ஸஸும் முன்னாலேயே தெளிவு. டெக்ஸஸ் 2017 சட்டத்தில், போக்குவரத்து விதிகளைப் பொறுத்தவரை அந்தத் தானியங்கி முறையின் உரிமையாளர்தான் ஓட்டுநர் என்று எழுதிவிட்டார்கள்.

கடலோடி

அதே 2017 டெக்ஸஸ் சட்டம் நகராட்சி எதுவும் இதில் தலையிடக் கூடாது என்றும் எழுதியது. அதனால் ஆஸ்டின் நகரத்தால் இந்தக் கார்கள் செய்யும் தப்புகளைக் குறிப்பெடுத்துக்கொள்ள மட்டுமே முடிந்தது.

ஆனால் பாருங்கள், அந்த டெக்ஸஸே 2025இல் எஸ்பி 2807 என்று புதுச் சட்டம் போட்டு, ஆளில்லாமல் வணிக ரீதியில் ஓட்ட மாநில மோட்டார் வாகனத் துறையின் அங்கீகாரம் வேண்டும், ஆபத்து என்று தெரிந்தால் துறை அதை நிறுத்தி வைக்கலாம், தீயணைப்பு, போலீஸ் ஆட்கள் வண்டியை எப்படிக் கையாள வேண்டும் என்ற திட்டத்தையும் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆளுநர் அபாட் கையெழுத்துப் போட்டது ஜூன் 20, டெஸ்லா ஆஸ்டினில் ரோபோ டாக்ஸி தொடங்கியது ஜூன் 22. எட்டு வருடம் கதவைத் திறந்து வைத்திருந்த மாநிலம் கடைசியில் ஒரு தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது. பென்சில்வேனியாவும் அப்படித்தான். 2016இல் பிட்ஸ்பர்க்கில் உபர் ஓடியபோது தனிச் சட்டம் இல்லை, பிறகு வந்ததும் வழிகாட்டுதல் மட்டும், அதுவும் விருப்பப்பட்டால். 2022இல் சட்டமாக்கிவிட்டார்கள்.

மென்பொருள்மணி

தாழ்ப்பாள் எவ்வளவு பெரிசு என்பதில்தான் என் சண்டை. நியூயார்க் 2017இல் சோதனைக்கு அனுமதி என்றது, ஆனால் மாநிலப் போலீஸ் மேற்பார்வையில் ஓட்ட வேண்டும், அந்தச் செலவைக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்றது. இத்தனை வருடத்தில் அங்கே என்ன சோதனை நடந்தது? பனி, மழை, குறுக்கே ஓடும் மக்கள் என்று சோதிக்க வேண்டிய எல்லாமே இருக்கும் நகரம் அது. 2025 ஆகஸ்டில்தான் வேமோவுக்கு நகரம் அனுமதி கொடுத்தது, அதுவும் ஆளோடு.

ஐம்பது மாநிலம் ஐம்பது விதி என்பதற்குப் பதில் ஃபெடரல் சட்டம் ஒன்று வந்தால் என்ன? 2017 செப்டம்பரில் கீழவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது, செனட்டில் போய் அப்படியே படுத்துவிட்டது.

வக்கீல்புறா

படுத்ததற்குக் காரணம் இருந்தது. வடிவமைப்பு, செயல்திறன் விஷயத்தில் மாநிலங்கள் விதி போடக் கூடாது என்று அந்த மசோதா வாயைக் கட்டியது. பதிலுக்கு ஃபெடரல் விதி என்ன என்றால், அது பிறகு எழுதப்படும். வீட்டைக் காலி செய்யுங்கள், புது வீடு கட்டும்போது சொல்கிறோம் என்ற கதை. ஃபெடரல் தரம் ஒன்று உண்மையாக எழுதப்பட்ட அன்று மாநிலங்கள் ஒதுங்கட்டும், நானே முதலில் ஆதரிப்பேன். அதுவரை நிறுத்தும் அதிகாரம் யாரோ ஒருவர் கையில் இருந்தாக வேண்டும்.

ராத்திரிப்பறவை

நிறுத்தும் அதிகாரம் இருந்தால் மட்டும் போதாது, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிய வேண்டும். குரூஸ் விஷயத்தில் தெரிந்தது அதுதான். அதனால் சோதனை அனுமதியில் நான் எழுதச் சொல்வது ஒன்றே ஒன்று. காயம் ஏற்படும் எந்த மோதலிலும், மோதலுக்கு முந்தைய ஒரு நிமிடத்திலிருந்து வண்டி முழுசாக ஓய்ந்து நிற்கும் வரை எல்லாக் கேமராப் பதிவும், மென்பொருள் என்ன பார்த்தது என்ன முடிவு செய்தது என்ற பதிவும், வெட்டாமல் 24 மணி நேரத்தில் அதிகாரி கையில் கோப்பாக இருக்க வேண்டும். கம்பெனி ஆள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டுவது, பிறகு மூடி எடுத்துக்கொண்டு போவது, இதெல்லாம் செல்லாது. கொடுக்காத ஒவ்வொரு நாளும் அந்த மாநிலத்தில் வண்டி ஓடக் கூடாது. டிஸ்எங்கேஜ்மென்ட் எண்ணிக்கையை வேண்டுமானால் நாளையே எடுத்துவிடுங்கள்.

லாரிக்காரன்

லாரிக்கும் சேர்த்து எழுதுங்க. பிரேக் அழுத்தப் பதிவும் வேண்டும்.

மென்பொருள்மணி

காணொளி விஷயத்துக்கு எதிர்ப்பு இல்லை, வர்த்தக ரகசியம் வெளியே போகாமல் ஒரு ஏற்பாடு இருந்தால். சென்சார் பதிவை அப்படியே பொதுவில் போட்டால் போட்டிக் கம்பெனிக்கு விருந்து. அதிகாரியிடம் மட்டும், பூட்டி. ஆனால் 24 மணி நேரம் நடக்காது பறவை, ஒரு காரின் பதிவு டெராபைட் கணக்கில் வரும், பிரித்து எடுக்கவே நேரம் ஆகும். 72 என்று வையுங்கள்.

ராத்திரிப்பறவை

மோதல் நேரத்துக் காணொளி 24, சென்சார் பதிவு 72. அதற்கு மேல் இறங்க மாட்டேன்.

மென்பொருள்மணி

சரி. ஆனால் லாரித் தடை விஷயத்தில் கலிஃபோர்னியா செய்தது வெறும் பயம்தான், அதைத் தனி இழையில் பேசிக்கொள்வோம்.